ஓலை ஆவணங்களும் தரவுத்தளமும்

நாஞ்சில் நாட்டின் பழைய சமூக வாழ்வை அறிய உதவும் சான்றுகளுள் அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகள் குறிப்பிடத்தக்கவை. தேரூரில் 1876ஆம் ஆண்டு பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, இவற்றின் அருமையை உணர்ந்து படியெடுத்தார். நிலம், வரி, பாசனம், அடிமை முறை எனப் பல செய்திகளை இவ்வோலைகள் கூறுகின்றன. இத்தகைய ஆவணங்களைக் கணினியில் தொகுக்கும்போது முதலில் எழும் சிக்கல் காலம் பற்றியதாகும்.

கொல்லம் ஆண்டு

திருவிதாங்கூர்ப் பகுதி ஆவணங்களில் பெரிதும் வழங்கியது கொல்லம் ஆண்டு. இது கி.பி. 825இல் தொடங்குகிறது. எனவே, கொல்லம் 900 என்பது கி.பி. 1724-25 ஆகும். அதனைக் கி.பி. 900 எனப் பதிந்துவிட்டால், மார்த்தாண்ட வர்மர் ஆட்சிக்குச் சற்று முன் எழுதப்பட்ட ஓலை, முதலாம் ஆதித்த சோழன் காலத்ததாகிவிடும். ஓர் எண்ணின் பிழை வரலாற்றையே திரித்துவிடும்.

பண்புகள்

மைக்ரோசாஃப்ட் அக்சஸ் போன்ற தரவுத்தள மென்பொருள்களில் அட்டவணை, வினவல், படிவம், அறிக்கை ஆகியவை 'பொருள்கள்' எனப்படும். ஒவ்வொரு பொருளின் இயல்பையும் வரையறுப்பவை அதன் 'பண்புகள்'. அட்டவணையில் உள்ள புலங்களுக்கும் பண்புகள் உண்டு. கொல்லம் ஆண்டுக்கும் கி.பி. ஆண்டுக்கும் தனித்தனிப் புலங்கள் அமைத்தல் வேண்டும். கொல்லம் ஆண்டுப் புலத்தைக் கட்டாயப் புலமாக்கினால், அதனை நிரப்பாமல் பதிவைச் சேமிக்க இயலாது. செல்லுபடி விதியில் 1 முதல் 1132 வரை என எல்லை வகுக்கலாம். கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1, கொல்லம் 1132இல் அமைந்தது. ஓலைகளோ அதற்கு முற்பட்டவை. இப்புலத்தில் ஒருவர் 1724 என உள்ளிட்டால், மென்பொருள் அதனை ஏற்காது. நாம் முன்னரே எழுதிவைத்த எச்சரிக்கைச் செய்தியைக் காட்டும்.

குறுநிரல்

பண்பு தவறான பதிவைத் தடுக்கும். குறுநிரல் எனப்படும் மேக்ரோ செயலை நிகழ்த்தும். பொத்தானைச் சொடுக்குதல், புலத்தின் மதிப்பை மாற்றுதல் முதலியன 'நிகழ்வுகள்'. நிகழ்வு ஏற்பட்டதும், அதனோடு இணைத்த குறுநிரல் இயங்கும். படிவத்தில் ஆண்டையும் மாதத்தையும் உள்ளிட்டவுடன் கி.பி. ஆண்டைக் கணித்து நிரப்புமாறு ஒரு குறுநிரல் அமைக்கலாம். ஆவணியில் கொல்லம் ஆண்டு பிறப்பதால், ஆவணி முதல் கார்த்திகை வரை 824ஐயும், தை முதல் ஆடி வரை 825ஐயும் கூட்டுவது பொது விதி. சான்றாக, 1132 ஐப்பசி 1956ஆகவும், 1132 தை 1957ஆகவும் அமையும்.

மார்கழி மட்டும் டிசம்பரிலும் சனவரியிலும் பரவி நிற்பதால், நாளையும் அறிந்தே ஆண்டைத் துணிய வேண்டும். நாள் சிதைந்த ஓலையாயின் குறுநிரல் கி.பி. புலத்தை வெறுமையாக விட்டு, ஆய்வாளரின் பார்வைக்கு அதனைக் குறித்துவைக்குமாறு அமைப்பதே முறை. ஓலையில் உள்ள மூல ஆண்டை எந்நிலையிலும் மாற்றலாகாது.

விதியை விரைந்தும் வழுவாமலும் பின்பற்றுவது கணினியின் ஆற்றல். எவ்விதி பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை வகுப்பது ஆவணத்தைப் படித்துணர்ந்த மனிதரின் பொறுப்பு.