வட்டு முகவரி: சொல்லும் பொருளும்

முகவரி என்னும் சொல் தமிழில் ஓர் இடத்தைச் சுட்டுவது. நிலைவட்டு பற்றிய கையேடுகளைப் பெயர்ப்போர் அங்கும் இப்பொருளையே கொள்கின்றனர். தொடக்ககால வட்டுகளைப் பொறுத்தவரை இது பிழையன்று.

வட்டுத் தகடுகளின் பரப்பில் தடங்கள் ஒருமைய வட்டங்களாக அமைகின்றன. எல்லாப் பரப்புகளிலும் ஒரே தொலைவில் அமைந்த தடங்களின் தொகுதி உருளை எனப்படும். அது கண்ணால் காணத்தக்க உறுப்பன்று. பரப்புக்கு ஒன்றாக அமைந்து எழுதவும் படிக்கவும் உதவுவது தலை. தடத்தின் ஒரு துண்டு செக்டர். நெடுங்காலம் அதன் அளவு 512 பைட்டு. பள்ளிக் கணிதத்தையொட்டி இதனை வட்டக்கோணப்பகுதி என்றால், மையம்வரை நீளும் ஆப்பு வடிவமே மனத்தில் தோன்றும். தடக்கூறு என்பது பொருந்தும்.

உருளை, தலை, தடக்கூறு ஆகியவற்றின் எண்கள் மூன்றும் சேர்ந்ததே பழைய முகவரி. முதலிரண்டும் 0 முதலும், தடக்கூறு 1 முதலும் எண்ணப்படும். ஆகவே 1 என்னும் எண்ணுடைய உருளையை 'முதல் உருளை' எனப் பெயர்த்தல் தவறு; அது வரிசையில் இரண்டாவது.

1990களில் பரவிய வட்டுகளில் வெளித்தடங்கள் உள்தடங்களைவிடக் கூடுதலான தடக்கூறுகளைக் கொண்டன. எனினும் பயாஸ் எல்லாத் தடங்களுக்கும் ஒரே எண்ணிக்கையை எதிர்பார்த்தமையால், வட்டு 16 தலை, 63 தடக்கூறு என ஒரு கற்பனைக் கணக்கைக் காட்டிற்று. உள்ளே இரண்டே தகடுகள், அதாவது நான்கே தலைகள், இருந்திருக்கலாம். சொற்கள் நின்றன, அவை சுட்டிய பொருள்கள் அகன்றன. அக்கணக்கிற்கும் 1024 உருளை என்னும் வரம்பு இருந்தமையால் 52,84,82,304 பைட்டுக்கு மேல் எட்டவில்லை.

அடுத்து வந்த முறை, தடக்கூறுகள் அனைத்தையும் 0 முதல் ஒரே தொடராக எண்ணுவது. மேற்கூறிய கணக்கில் உருளை 2, தலை 3, தடக்கூறு 4 என்பது (2×16+3)×63+4−1, அதாவது 2208. லாஜிக்கல் என்னும் அடைமொழி நோக்கி இதனைத் 'தருக்க முகவரி' என்பாருளர். இங்குத் தருக்கம் ஏதுமில்லை. தொடரெண் முகவரி என்பதே தெளிவு.

இம்முகவரியும் இடத்தைச் சுட்டுவதன்று. ஒரு தடக்கூறு பழுதுற்றால் வட்டு அவ்வெண்ணை வேறோரிடத்திற்கு மாற்றிவிடும்; பழைய இடத்திலுள்ள தரவு அங்கேயே தங்கிவிடலாம். தகடே இல்லாத திண்மநிலைச் சேமிப்பகங்களில், ஓர் எண்ணுக்கு மீண்டும் எழுதும்போது புதிய தரவு வேறு பக்கத்தில் பதிகிறது. பழையது பின்னரே அழிக்கப்படுகிறது. ஆகவே, தரவழிப்புக் கையேட்டில் 'அதே முகவரியில் மேலெழுதுக' என்றிருப்பதை 'அதே இடத்தில்' எனப் பெயர்த்தால், மந்தணத் தரவு அழிந்துவிட்டது என்னும் பொய்யுறுதியை அம்மொழிபெயர்ப்பே தந்ததாகும்.