நவகிரகம் 9.. கோள்கள் 8.. எது சரி? குட்டீஸுக்கு ஈஸி விளக்கம்

அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டம் அருகே, முதலாம் ராஜேந்திர சோழன் 11-ம் நூற்றாண்டில் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம் கோவில் இருக்கிறது. அங்கே ஒரே கல்லில் செதுக்கிய நவகிரகத்தைப் பார்க்கலாம். நடுவில் விரிந்த தாமரையாக சூரியன், சுற்றிலும் மற்ற எட்டுப் பேர், கீழே ஏழு குதிரைகள் பூட்டிய தேர். மொத்தம் 9. ஆனால் பாடப் புத்தகத்தில் கோள்கள் 8 தான்.

"கோவில்ல ஒன்பது, புக்ல எட்டு.. எதும்மா சரி?" என்று வீட்டு வாண்டு கேட்டால் என்ன சொல்வீங்க? ரெண்டு கணக்குமே சரிதான். எண்ணிய விஷயம்தான் வேற வேற.

நவகிரகத்தில் எதை எண்ணினாங்க?

பூமியில் நின்று அண்ணாந்து பார்த்துப் போட்ட கணக்கு இது. நட்சத்திரங்களுக்கு நடுவே இடம் மாறிக்கொண்டே இருப்பவை சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. வெறும் கண்ணுக்குத் தெரிபவை இந்த ஏழுதான். நம்ம ஏழு கிழமைகளும் இவைதான்.

மீதி இருக்கும் ராகுவும் கேதுவும் உருண்டைகள் இல்லை. வானத்தில் சூரியன் போகும் பாதையை நிலாவின் பாதை வெட்டும் இரண்டு புள்ளிகள். இந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் அமாவாசையோ பௌர்ணமியோ வந்தால்தான் கிரகணம் பிடிக்கும். 'பாம்பு விழுங்குது' என்ற கதைக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

கோள்கள் என்றால் எவை?

சூரியனைச் சுற்றி வரும் பெரிய உருண்டைகள். அப்படிப் பார்த்தால் ஒன்பதில் நாலு கழிந்துவிடும். சூரியன் ஒரு நட்சத்திரம். நிலா பூமியைச் சுற்றும் துணைக்கோள். ராகு, கேது புள்ளிகள். மீதி 5. நாம நிற்கிற பூமியைச் சேர்த்தால் 6. வில்லியம் ஹெர்ஷல் 1781-ல் தொலைநோக்கியில் கண்ட யுரேனஸ் 7. கணக்குப் போட்டு 1846-ல் தேடிப் பிடித்த நெப்டியூன் 8.

அப்பா, அம்மா படித்தபோது 9 என்று இருந்திருக்கலாம். 1930-ல் சேர்ந்த புளூட்டோவை சர்வதேச வானியல் சங்கம் 2006-ல் குள்ளக் கோள் பட்டியலுக்கு மாற்றிவிட்டது.

யுரேனஸ், நெப்டியூன் ஏன் அப்போ தெரியல?

காரணம் தூரம். பெரம்பலூரில் இருந்து அரியலூருக்கு சுமார் 30 கி.மீ. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் மூணு மாடி உயரத்துக்கு ஒரு சூரியனை வைப்போம். அதே அளவுக் கணக்கில் பூமி ஒரு சாத்துக்குடி சைஸ். சூரியனில் இருந்து அது இருக்கும் இடம் 1 கி.மீ.

புதன் 400 மீட்டரில், வெள்ளி 700 மீட்டரில், செவ்வாய் ஒன்றரை கி.மீ.யில் வந்துவிடும். வியாழன் 5 கி.மீ.. சனி ஒன்பதரை கி.மீ.. வெறும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் கோள்கள் இதோடு முடிந்தது. யுரேனஸ் 19 கி.மீ. தாண்டி இருக்கிறது. நெப்டியூன்? பஸ் அரியலூருக்குள் நுழையும்போதுதான் வரும்.

இந்தக் கணக்கில் ஒளியின் வேகம் என்ன தெரியுமா? பெரம்பலூரில் இருந்து ஓட்டமும் நடையுமாகப் போகிற ஒரு ஆளின் வேகம்தான். சூரிய ஒளி பூமிக்கு வர சுமார் 8 நிமிஷம், நெப்டியூனைத் தொட 4 மணி நேரத்துக்கும் மேல்.

புத்தகப் படத்தில் எட்டுக் கோள்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது, ஒரே தாளில் அடங்கணும் என்பதற்காகத்தான். அடுத்த முறை அந்த ரூட்டில் பஸ் ஏறும்போது, ஜன்னல் ஓர சீட்டை வாண்டுக்குக் கொடுத்து ஒவ்வொரு கோளாக எண்ணச் சொல்லுங்க.