சோளவிதைக்கு இடும் கவசம்

நெல்லில் ஒரு நாற்று அழிந்தால் அயலில் நிற்பது கிளைத்து அவ்விடத்தை ஓரளவு நிரப்பிவிடும். சோளத்துக்கு அவ்வியல்பு மிகக் குறைவு. முளைத்த சில நாட்களில் வெட்டுப்புழு அறுத்தாலும், கம்பிப்புழு வேரைக் கடித்தாலும் அங்கே ஒரு கதிர் குறைந்தது குறைந்ததே. ஆதலினாலேயே, விதைக்கு முன்னரே விதையின்மேற் பூச்சிநாசினியைப் பூசிவிடும் வழக்கம் வந்தது. இதனை விதைப் பரிகரணம் என்பர்.

பூசிய மருந்து மண்ணின் ஈரத்திற் கரைகின்றது. அதில் ஒரு சிறு பங்கை வேர் நீரோடு உறிஞ்சி இலைக்கும் குருத்துக்கும் அனுப்புகின்றது. எஞ்சிய பெரும்பங்கு மண்ணிலேயே தங்குகின்றது. இமிடாகுளோப்பிரிட், தயாமெதொட்சாம், குளோத்தியனிடின் என்பன பூச்சியின் நரம்பைத் தாக்குவன. சயன்றனிலிப்புரோல் தசையைச் செயலிழக்கச் செய்வது. அதனை உண்ட புழு, இறக்குமுன்பே தின்பதை நிறுத்திவிடும்.

நேயர்களே, 2018-19 பெரும்போகத்தில் அம்பாறை, மொனராகலை, அனுராதபுரம் மாவட்டங்களிற் சோளச் செய்கையைப் பாழாக்கிய படைப்புழுவை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அது குருத்தினுட் புகுந்துவிட்டால் மேலே தெளிக்கும் மருந்து எளிதில் எட்டாது. குருத்துக்குள் ஏற்கனவே மருந்து இருப்பின், இளம்புழு முதற் கடியிலேயே அதனைச் சந்திக்கும். ஆயினும் இக்காவல் இரண்டு மூன்று கிழமைகளுக்கே. கைப்பிடி உப்புச் சட்டியிற் கரிக்கும், அண்டாவிற் கரிக்குமோ? செடி பருக்கப் பருக்க மருந்து நீர்த்துப்போகின்றது. பரிகரணம் செய்தோம் என்று வயலை எட்டிப்பாராதிருக்கும் கமக்காரர் நான்காம் கிழமையில் ஏமாறுவார்.

இம்முறையால் நேர்ந்த கேடும் சிறிதன்று. 2008ஆம் ஆண்டு வசந்தத்தில், ஜேர்மனியின் றைன் நதிப் பள்ளத்தாக்கில், வேர்ப்புழுவுக்கு அஞ்சிக் குளோத்தியனிடின் பூசிய சோளவிதையை இட்டனர். சில விதைகளில் மருந்து சரிவர ஒட்டியிருக்கவில்லை. காற்றின் உறிஞ்சலால் விதையைப் பிடித்து இடும் விதைப்பொறி, உதிர்ந்த மருந்துத் தூளை வெளியே ஊதியது. மழையாற் சோள விதைப்புப் பிந்தியிருந்தமையால், அயலிற் கடுகினப் பயிர் அப்போது பூத்து நின்றது. தூள் பூவிற் படிந்தது; 11,000க்கு மேற்பட்ட தேனீக் கூட்டங்கள் பாதிப்புற்றன. அவ்வாண்டு மே மாதத்திலேயே அவ்விதைகளின் உபயோகத்தை அரசு நிறுத்திவைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் மேற்சொன்ன நரம்பு மருந்துகள் மூன்றையும் திறந்தவெளிப் பயிர்களில் உபயோகிப்பதை 2018இல் தடைசெய்தது. தெளிப்பதிலும் பார்க்கப் பூசுவது தீங்கற்றது என்று பொதுப்படச் சொல்வதை ஏற்பதற்கில்லை. மருந்து எப்படி ஒட்டியது, எப்பொறியால் விதைத்தனர், அயலில் எது பூத்தது என்பனவெல்லாம் கணக்கில் வரும்.

பரிகரித்த விதைக்குச் சிவப்பு முதலிய சாயம் ஊட்டுவது, அதனை எவரும் உண்ணாதிருத்தற்கே. ஈராக்கில் 1971-72இல், பூசணத்துக்கெதிராக இரசச் சேர்வை பூசிய கோதுமை விதையைப் பலர் கழுவி மாவாக்கினர். சாயம் போயிற்று, நஞ்சு போகவில்லை. வைத்தியசாலைகளில் மாத்திரம் 459 பேர் மாண்டனர். எனவே எஞ்சிய விதையைக் கழுவிக் கோழிக்கு இடுவதும் ஆகாது. மேலே சிந்தியதை மண்ணிட்டு மூடுதல் வேண்டும். இமிடாகுளோப்பிரிட் பூசிய ஒரே சோளமணி சிறு குருவியொன்றைக் கொல்லப் போதும்.