நீல ஒளியில் நஞ்சு கரையுமா?

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் புழங்கும் இல்லங்கள் பல. சமையலறைச் சுவரில் புற ஊதா விளக்குள்ள சுத்திகரிப்புப் பெட்டியை மாட்டிவிட்டு, இனிக் கவலையில்லை என்றிருப்போரும் உண்டு. அவ்வெண்ணம் பாதிதான் சரி.

அவ்விளக்கின் 254 நானோமீட்டர் கதிர் கிருமிகளின் மரபுப்பொருளைச் சிதைத்து, அவற்றைப் பெருகவிடாமல் தடுக்கிறது. வயலில் தெளித்த பூச்சிக்கொல்லியோ உயிரற்ற வேதிப்பொருள். குழாயில் நீர் கடந்து செல்லும் சில விநாடிகளில் அவ்வொளி அதனைப் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. கொதிக்க வைப்பதையும் நம்பியிருக்க இயலாது.

அதே கதிருடன் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்தால் நிலைமை வேறு. அப்போது தோன்றும் ஹைட்ராக்சில் எனும் துடிப்புமிக்க கூறு நஞ்சின் பிணைப்புகளை உடைத்தெறிகிறது. டைட்டானியம் டை ஆக்சைடின் மீது ஒளி பட்டாலும் இதுவே நிகழும். ஒளியால் அப்பொருள் நீரையே பிளக்கும் என்பதை ஜப்பானிய அறிஞர்கள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் உலகறியச் செய்தனர். சிதைவு முற்றுப்பெற்றால் கரியமில வாயு, நீர், சிறிது உப்பு ஆகியவையே மிஞ்சும். பாதியில் நின்றாலோ இடையே பிறக்கும் பொருளும் நஞ்சாகலாம். எனவே இது ஆலைக்குரிய முறை, அடுப்பங்கரைக்கு அன்று.

2003இல் டில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், புட்டி நீரிலும் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதை வெளிப்படுத்தியது. நம் சென்னை ஐ.ஐ.டி.யிலோ பேராசிரியர் பிரதீப் குழுவினர் ஒளியை நாடாமல், உலோக நுண்துகள்களால் நஞ்சை நீக்க வழி கண்டனர். 2007இல் அது வீட்டு வடிகட்டியாகவே கடைக்கு வந்தது.

தங்கள் பெட்டியில் கிளர்வூட்டிய கரி வடிகட்டி உள்ளதா என்று பாருங்கள். பூச்சிக்கொல்லியைப் பெருமளவு பற்றிக்கொள்வது அக்கரியே. அதுவும் நாளடைவில் நிறைந்துவிடும். விளக்கு எரிகிறதே என்று மாற்றாமல் விட்டுவிடாதீர்கள்.