மெலிந்த பிராணிக்கு விருந்து வைக்காதீர்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் வடகொல்கத்தாவின் கேலிஃப் ஸ்ட்ரீட் பக்கம் போய் வந்தவர்களுக்கு அந்தச் சந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முன்பு ஹாதிபாகானில் கூடி, பிறகு இங்கே இடம் மாறிய சந்தை அது. பூச்செடி, வண்ண மீன், புறா, நாய்க்குட்டி, முயல் என்று கடை பரப்பியிருப்பார்கள். நடுவில் எங்காவது ஒரு கம்பிக் கூண்டில் கறுப்பும் வெளுப்பும் பழுப்புமாகப் பத்துப் பதினைந்து கினி பன்றிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருக்கும். கூட வந்த பிள்ளை அந்த இடத்தை விட்டு நகராது. விலையும் மலைக்க வைக்கிற விலையல்ல. அட்டைப் பெட்டியில் நாலு ஓட்டை போட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

தமிழில் இதற்குச் சீமைப் பெருச்சாளி என்றும் ஒரு பெயர் உண்டு. பெயர்தான் பொருந்தவில்லை. பெருச்சாளியின் துணிச்சலில் நூறில் ஒரு பங்குகூட இதற்குக் கிடையாது. பாத்திரம் விழுந்த சத்தத்திற்கே மூலையில் ஒடுங்கிவிடும்.

இரண்டு மாதம் கழிகிறது. பிள்ளைக்குப் பரீட்சை வருகிறது. வீட்டுக்காரர் நாற்றம் என்கிறார். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகக் கொரமண்டல் எக்ஸ்பிரஸில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. பிராணியை யார் பார்த்துக்கொள்வது? மாடிப்படிக்கு அடியில் கூண்டோடு வைத்துவிட்டு, கீழ்வீட்டுக்காரரிடம் "கொஞ்சம் ஏதாவது போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பூங்காவில் திறந்து விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. காகமும் நாயும் விட்டு வைத்தால் அது பசியில் வாடும்.

அப்படி எலும்பும் தோலுமாய்க் கிடப்பதைத் துண்டில் சுற்றி எடுத்துவருகிற நல்ல மனசுக்காரர்களும் நம்மவர்களில் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காகவே. ஏனென்றால் பசியில் பிழைத்த பிராணி, நாம் ஆசையாய் ஊட்டியதில் செத்துப்போவது உண்டு.

வீட்டில் என்ன நடக்கிறது? ஐயோ பாவம் என்று ஒருவர் பிஸ்கட் கொண்டுவருவார். இன்னொருவர் பொரி. பாட்டி தயிர் சாதம் பிசைவார். "சத்து வேண்டாமா?" என்று ஊறவைத்த கொண்டைக்கடலையும், வேர்க்கடலையும், பாலும் வரும். பசித்த பிராணி முதலில் ஆவலாய்த் தின்னவும் செய்யும். எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாளோ அதற்கடுத்த நாளோ வயிறு கல்லாக வீங்கி, புழுக்கை நின்று, அல்லது தண்ணீராய்க் கழிந்து, தலையைத் தொங்கவிட்டுவிடும். "ரொம்ப மெலிந்திருந்தது, அதான் பிழைக்கவில்லை" என்று முடித்துவிடுவார்கள்.

குடல் என்கிற மாவுப் பானை

கினி பன்றி, முயல், இப்போது பெரிய இடத்துப் பிள்ளைகள் இணையத்தில் படம் பார்த்து ஆசைப்படுகிற சின்சில்லா ஆகிய மூன்றுக்கும் ஜீரணம் ஒரே மாதிரிதான். புல்லைத் தின்று உயிர் வாழப் பிறந்தவை. ஆனால் மாட்டைப் போல நாலு அறை இரைப்பை கிடையாது. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் பெரிய பை போன்ற குருட்டுக்குடல் இருக்கிறது. அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருந்து, புல்லின் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக்கித் தருகின்றன. அந்தச் சத்தில் ஒரு பகுதி மென்மையான ஒரு வகைப் புழுக்கையாக வெளிவரும். பிராணி அதைத் தானே தின்றுவிடும். பார்த்து அருவருப்படைய வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். அது அதற்கு இரண்டாவது சாப்பாடு.

வீட்டில் இட்லிக்கு மாவு கரைத்து வைக்கிறவர்களுக்கு இது எளிதில் புரியும். அளவும் சூடும் சரியாய் இருந்தால் மாவு பதமாய்ப் பொங்கும். கொல்கத்தா மே மாதப் புழுக்கத்தில் கொஞ்சம் அசந்தால் பானை வழிந்து, புளித்து, நாறிவிடும். பட்டினி கிடந்த குடலில் திடீரென்று மாவும் சர்க்கரையும் போய்ச் சேர்ந்தால் அதே கதைதான். நல்ல நுண்ணுயிர்கள் குறைந்து, வாயுவும் விஷமும் உண்டாக்குகிற கெட்டவை பெருகிவிடுகின்றன.

மாறாக, எதுவுமே உள்ளே போகாவிட்டாலும் ஆபத்து. அரை நாள் முழுக்க எதையும் தின்னாமல் இருந்தாலே குடல் அசைவு குறையத் தொடங்கும். உடம்பில் மிச்சமிருக்கிற கொழுப்பு ஈரலில் போய்த் தேங்கும். ஆகவே பட்டினியும் போடக்கூடாது, விருந்தும் வைக்கக்கூடாது.

இன்னொரு விஷயம். நெடுநாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று மாவுச்சத்து ஏறினால், இரத்தத்திலுள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்ற உப்புகள் சட்டென்று உயிரணுக்களுக்குள் இழுக்கப்பட்டு, இதயம் தடுமாறும். மனிதர் விஷயத்தில் வைத்தியர்கள் இதைக் கொடுமையான வழியில் கற்றுக்கொண்டார்கள். 1943 பஞ்சத்தில் இந்த வங்கம் பட்ட பாடு தெரியும். அரிசி, சர்க்கரை, பால்பவுடர் கலந்த ஓர் ஆகாரம் அப்போது பட்டினியால் நலிந்தவர்களுக்காகத் தயாரிக்கப்பட்டது. "வங்கப் பஞ்சக் கலவை" என்றே அதற்குப் பெயர். 1945 ஏப்ரலில் ஜெர்மனியின் பெல்சன் முகாமை விடுவித்த பிரிட்டிஷ் படையினர் இரக்கப்பட்டுத் தங்கள் டின் உணவைக் கொடுக்க, அதைத் தின்று பலர் இறந்துபோனார்கள். பிறகு இந்த வங்கக் கலவையைக் கொண்டுபோனார்கள். அது அங்கிருந்தவர்கள் நாக்குக்குத் தாங்கமுடியாத இனிப்பாக இருந்ததாம். மனிதரின் துயரத்தையும் கூண்டுப் பிராணியையும் ஒரு தட்டில் வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. நலிந்த உடம்புக்கு எதை, எவ்வளவு, எத்தனை நாளில் என்பதுதான் மருந்து என்பதற்காகச் சொல்கிறேன்.

முதல் நாள் என்ன செய்வது?

முதலில் சூடு, பிறகு தண்ணீர், அதற்குப் பிறகுதான் ஆகாரம். குளிர்ந்து துவண்டு கிடக்கிற பிராணியின் வாயில் எதையும் திணிக்காதீர்கள். துணியில் சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை ஒரு பக்கம் வைத்து, அது வேண்டுமென்றால் நெருங்கவும் வேண்டாமென்றால் விலகவும் இடம் விடுங்கள். தண்ணீர் எப்போதும் எட்டும்படி இருக்கட்டும்.

ஆகாரம் புல்தான். பெட்டியில் விற்கிற வெளிநாட்டு உலர்புல் நல்லதே. ஆனால் குமாஸ்தா சம்பளத்தில் மாதாமாதம் வாங்குவது சிரமம். நமக்கு வேறு வழி இருக்கிறது. லேக் மார்க்கெட்டில் பூ விற்கிறவர்களிடம் பூஜைக்குக் கட்டுக்கட்டாய் விற்கிறார்களே துர்வா, அது நம் அருகம்புல்லேதான். நன்றாக அலசி, ஈரம் போக உதறிக் கொடுக்கலாம். அதிகமாய் வாங்கி நிழலில் உலர்த்தியும் வைக்கலாம். பிள்ளையாருக்கு உகந்தது இதற்கும் உகந்தது. குங்குமம், சந்தனம் பட்டது வேண்டாம். நாய்கள் நடமாடுகிற பூங்காவில் பிடுங்கியதும் வேண்டாம். மழைக்காலத்தில் உலர்புல் இரண்டே நாளில் பூசணம் பிடித்துவிடும் ஊர் இது. மூக்கில் வைத்துப் பாருங்கள், மக்கல் வாடை அடித்தால் தூக்கி எறியுங்கள். நெல் வைக்கோல் படுக்கைக்கு ஆகும். சாப்பாட்டுக்குச் சத்துப் போதாது.

குதிரை மசால் என்கிற லூசர்ன் புல்லில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். மெலிந்ததற்கும் குட்டிக்கும் சினைக்கும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் எடை பிடிக்கும். வளர்ந்த பிராணிக்கு மாதக்கணக்கில் கொடுத்தால் மூத்திரப்பையில் கல் சேரும்.

கினி பன்றிக்கென்று விற்கிற உருண்டைத் தீவனத்தை முதல் நாளில் ஒரு சிட்டிகையில் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். பச்சைக் கீரையும் அப்படியே. கொத்தமல்லி நாலு தழையில் ஆரம்பியுங்கள். தானே தின்னவில்லை என்றால் அந்தத் தீவனத்தை வெதுவெதுப்பான நீரில் கஞ்சியாகக் கரைத்து, ஊசி நீக்கிய சிரிஞ்சில் எடுத்து, வாயின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக, அது மென்று விழுங்க விழுங்கக் கொடுக்கலாம். மல்லாத்திப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். வயிறு வீங்கியிருந்தால் இதையும் செய்யாதீர்கள். நேரே வைத்தியரிடம் போங்கள்.

கொய்யாத் துண்டின் மகிமை

1907-ஆம் ஆண்டு. நார்வே நாட்டில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இரு விஞ்ஞானிகள் கப்பல் மாலுமிகளின் நோயை ஆராயக் கினி பன்றிகளைத் தானியத்திலேயே வளர்த்தார்கள். அவற்றுக்கு ஸ்கர்வி வந்துவிட்டது. பச்சைக் காய்கறி கொடுத்ததும் குணமாயிற்று. மனிதனைப் போலவே கினி பன்றிக்கும் வைட்டமின் சி-யை உடம்பில் தயாரித்துக்கொள்ள முடியாது. தானியம் மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சந்தையிலிருந்து வந்து பொரியும் சாதமுமாய் வளர்ந்த கினி பன்றி மெலிவதற்கு இந்தக் குறையும் ஒரு காரணம். மூட்டு வலிக்கும், நடக்கத் தயங்கும், ஈறு புண்ணாகும், அதனால் தின்னாது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. நோயுற்றதற்கு இன்னும் கூடுதல். நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆக, கட்டைவிரல் நுனியளவு கொய்யாத் துண்டு ஒன்று போதும். இங்கே பேயாரா என்று கூவி விற்கிற பழந்தான். முழுப் பழம் கொடுத்தால் சர்க்கரை அதிகமாகிவிடும். மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வைப்பது வீண். சத்து சீக்கிரம் அழிந்துவிடும், ருசி மாறிய தண்ணீரையும் குடிக்காது. முயலுக்கு இந்தக் கவலை இல்லை.

தினம் ஒரு கணக்கு

கணக்கு எழுதிப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கம் இங்கே உயிர் காக்கும். சமையலறை மின்தராசு ஒன்று, பழைய நோட்டு ஒன்று. தினமும் காலையில், தீவனம் வைப்பதற்கு முன், ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள். வளர்ந்த கினி பன்றி 700 முதல் 1200 கிராம் இருக்கும். சின்சில்லா பெரும்பாலும் 400 முதல் 600 கிராம். நாளுக்கு நாள் பத்து இருபது கிராம் ஏறி இறங்குவது இயல்பு. வாரக் கணக்கில் மெதுவாக ஏறுகிறதா என்று பாருங்கள். சில நாட்களுக்குள் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்கக் கூடாது. புழுக்கை எவ்வளவு, பெரிதா சிறிதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எடை மளமளவென்று ஏறினாலும் உடனே மகிழ வேண்டாம்! வயிற்று வீக்கமாய் இருக்கலாம். சினையாகவும் இருக்கலாம். சந்தைக் கூண்டில் ஆணும் பெண்ணும் ஒன்றாய்க் கிடந்தவை அல்லவா? ஏறக்குறைய இரண்டு மாதத்தில் குட்டி போட்டுவிடும்.

புல் கொடுத்தும் எடை ஏறவில்லை, தின்ன வந்து பின்வாங்குகிறது, தாடை நனைந்திருக்கிறது என்றால் பல்லில் கோளாறு. இவற்றின் பல் ஆயுள் முழுக்க வளரும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். பிஸ்கட் தின்ற வாயில் கடைவாய்ப்பல் வளர்ந்து நாக்கைக் குத்தும். அதை வைத்தியர்தான் சரி செய்ய முடியும்.

சின்சில்லாவைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக் குளிரில் பிறந்தது. ஒரே துளையிலிருந்து ஐம்பதுக்கும் மேல் முடி முளைக்கிற அந்த ரோமத்துக்காகவே வேட்டையாடிக் காட்டில் அழிவின் விளிம்புக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த ரோமம் மெலிவை மறைத்துவிடும். முதுகெலும்பை விரலால் தடவினால்தான் தெரியும். இருபத்தேழு டிகிரிக்கு மேல் வெப்பம் போனால் அதற்கு ஆபத்து. நம் ஊரில் ஏப்ரலில் என்ன டிகிரி? இரவு பகலாகக் குளிர்சாதனம் ஓட்ட முடியாதவர்கள் அதை வாங்கவே கூடாது என்பது என் அபிப்பிராயம். கையில் வந்து சேர்ந்துவிட்டால், எடையைப் பற்றி யோசிப்பதற்கு முன் குளிர்ச்சியான அறைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

இனி மருந்து. தெருமுனை மருந்துக் கடையில் "ஆண்டிபயாடிக் கொடுங்கள்" என்று வாங்கி, கால் மாத்திரை கொடுத்துவிடுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பெனிசிலின், கிளிண்டாமைசின் ஆகியவற்றை இந்த மூன்று பிராணிகளுக்கும் வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து உயிரே போய்விடும். மனிதனுக்கு நல்ல மருந்து, இவற்றுக்கு விஷம்.

ரைட்டர்ஸ் பில்டிங் பக்கம் ஆபீஸுக்குப் போகிறவர்கள் அங்கே நிற்கிற ஒரு கல்தூணைத் தினமும் பார்த்திருப்பார்கள். 1861-இல் இந்நகரில் பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கிய கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்ற ஓவியரின் நினைவுத் தூண் அது. அவர் காலத்தில் வண்டிமாடும் குதிரையும்தான் கவலை. மிருக வைத்தியத்துக்கும் இந்நகரில் நீண்ட பரம்பரை உண்டு. பெல்காச்சியாவில் 1893-இல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரி, 1995 முதல் மேற்கு வங்கக் கால்நடை மீன்வள அறிவியல் பல்கலைக்கழகமாக இருக்கிறது. எங்கே போனாலும் "கினி பன்றி பார்த்துப் பழக்கமுண்டா?" என்று முதலில் கேளுங்கள்; பெரும்பாலோருக்கு நாய் பூனைதான் பழக்கம். எடை எழுதிய நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். என்ன கொடுத்தோம், எப்போது கடைசியாய்த் தின்றது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், பிஸ்கட் உட்பட.

முதுகெலும்பு விரலுக்கு உறுத்தாமல் சதை பிடித்து, மூன்று நாலு வாரம் எடை ஒரே இடத்தில் நின்றால் குதிரை மசாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடலாம். நிறுப்பதை வாரம் ஒருமுறையாக்கிக்கொள்ளலாம். அருகம்புல் மட்டும் கடைசி வரை தினமும் வேண்டும்.