சிறு எஞ்சின்களில் ஜெட் மாற்றும் முறை

சென்ற சம்பாப் பருவத்தில் பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து விவசாயி ஒருவர், தமது விசைத் தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு நெல்லித்தோப்பில் உள்ள ஒரு பழுதுபார்க்கும் பட்டறைக்கு வந்தார். அவருடைய நெல் வயலில் புகையான் கண்டிருந்தது. தெளிப்பானின் எஞ்சின் கிளம்பும். ஆக்ஸிலேட்டரைக் கூட்டியதும் திணறி நின்றுவிடும். பட்டறையில் கார்புரேட்டரைப் பிரித்து, அடைபட்டிருந்த ஜெட்டை ஓர் எஃகுக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து கொடுத்தனர். எஞ்சின் ஓடியது. ஆனால் புகை மிகுந்தது. பெட்ரோல் செலவு கூடியது. மூன்றாம் நாள் ஸ்பார்க் பிளக் கரி பிடித்து எஞ்சின் மீண்டும் நின்றது. சரியான ஜெட் கிடைத்து மருந்து தெளிப்பதற்குள், வயலின் நடுவே வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்துவிட்டது.

இத்தனைக்கும் காரணமான அப்பொருள் குன்றிமணி அளவேயுள்ள ஒரு பித்தளைத் திருகு. அதன் விலை ஒரு நாள் கூலியைக்கூட எட்டாது. ஆகவே அதைப் பற்றிச் சிறிது விரிவாகவே இங்கு கூற விரும்புகிறோம்.

எஞ்சினுக்குள் செல்லும் காற்று கார்புரேட்டரின் குறுகிய கழுத்தைக் கடக்கும்போது வேகம் கொள்கிறது. வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறைகிறது. அக்குறைவினால், கீழே மிதவைக் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் மேலே ஈர்க்கப்பட்டுத் துளிகளாகச் சிதறிக் காற்றுடன் கலக்கிறது. பெட்ரோல் வரும் வழியில் அளவு காட்டி நிற்பதே ஜெட். பிரெஞ்சு மொழியில் இதற்கு 'ழிக்ளேர்' என்று பெயர். பீச்சுவது என்று பொருள்படும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கணக்கைக் காப்பது அந்தச் சிறு துளைதான்.

துளை என்று சொல்வதைவிட அளவு என்று சொல்வதே பொருந்தும். 0.70 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஜெட்டைக் கம்பியால் குடைந்து 0.77 ஆக்கிவிட்டால், கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் துளையின் பரப்பு 21 விழுக்காடு கூடிவிடுகிறது. பித்தளை மென்மையானது, எஃகுக் கம்பிக்கு அது எதிர்நிற்காது. பாகூர் விவசாயிக்கு நேர்ந்தது இதுவே. அடைப்பை நீக்கக் கார்புரேட்டர் கழுவும் திரவமும் காற்று அழுத்தமும் போதும். அதற்கும் இணங்காவிடில் ஜெட்டை மாற்றிவிடுவதே முறை.

ஜெட்டின் தலையிலோ பக்கத்திலோ ஓர் எண் பொறித்திருக்கும். சில தயாரிப்புகளில் அது துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்குக் கணக்கில் குறிக்கும். வேறு சிலவற்றில் குறிப்பிட்ட நேரத்தில் பாயும் பெட்ரோலின் அளவைக் குறிக்கும். ஆகவே ஒரு தயாரிப்பின் 80-ஆம் எண்ணும் மற்றொன்றின் 80-ஆம் எண்ணும் ஒன்றல்ல. கடையில் எண்ணை மட்டும் சொல்லிக் கேட்பதினும் பழைய ஜெட்டையே கையில் கொண்டுசெல்வது நன்று. மரை பொருந்துகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் கொடுப்பது பைலட் ஜெட். முழு வேகத்தில் கொடுப்பது மெயின் ஜெட். இடைப்பட்ட வேகத்தில் அளவைத் தீர்மானிப்பது ஊசி. ஊசியின் தலையில் சில பள்ளங்களும் அவற்றுள் ஒன்றில் ஒரு கிளிப்பும் இருக்கும். கிளிப்பைக் கீழ்ப்பள்ளத்துக்கு மாற்றினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். மேற்பள்ளத்துக்கு மாற்றினால் குறையும். ஆகவே எந்த வேகத்தில் குறை தோன்றுகிறது என்று முதலில் கவனித்துவிட்டே கழற்ற வேண்டும். முழு வேகத்தில் திணறும் எஞ்சினுக்குப் பைலட் ஜெட்டை மாற்றிப் பயனில்லை. சோக்கைச் சிறிது இழுத்ததும் எஞ்சின் நன்றாக ஓடினால் பெட்ரோல் போதவில்லை என்று அறியலாம். பிளக்கின் முனையும் செய்தி சொல்லும்: வெளிறியிருந்தால் பெட்ரோல் குறைவு, கருமையாயிருந்தால் மிகுதி, காப்பிக்கொட்டை நிறமாயிருந்தால் சரி.

மிகுதியால் நேர்வது வீண்செலவும் கரியும். குறைவால் நேர்வது அதனினும் கொடியது. தெளிப்பான்களிலும் களைவெட்டிகளிலும் பெரும்பாலும் உள்ளது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். அதற்கு வேண்டிய எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது. சூடு மிகுந்து பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்கிறது. பிறகு ஜெட்டின் விலையோடு காரியம் முடிவதில்லை.

இந்தக் குறைவு இப்போது மற்றொரு வழியாகவும் வருகிறது. 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் தன்னுள்ளேயே ஆக்ஸிஜனைக் கொண்டது. ஒரு கிலோ எத்தனால் எரிய 9 கிலோ காற்றே போதும். ஆகவே கலப்புப் பெட்ரோலுக்கு வேண்டிய காற்று 14.7-லிருந்து ஏறக்குறைய 13.5 கிலோவாகக் குறைகிறது. வெறும் பெட்ரோலுக்கென்று அளவிட்ட பழைய ஜெட்டோ முன்போலவே கொடுத்துக்கொண்டிருக்கிறது. எஞ்சினுக்கு அது பற்றாக்குறையாகிறது. பழைய இயந்திரங்களில் மேற்சொன்ன அறிகுறிகள் தென்பட்டால், மெயின் ஜெட்டை ஓர் எண் பெரிதாக மாற்றிப் பிளக்கின் நிறத்தைப் பார்க்கலாம். 20 விழுக்காட்டுக் கலப்புக்கென்றே அமைந்த புதிய இயந்திரங்களுக்கு இது வேண்டியதில்லை. களைவெட்டிகள் பலவற்றில் மிதவைக்குப் பதிலாக ரப்பர்ச் சவ்வு இருக்கும். அது விறைத்தோ உப்பியோ போயிருந்தால் ஜெட்டைக் குறைகூறிப் பயனில்லை, சவ்வையே மாற்ற வேண்டும்.

2020 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபின், புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் பெரும்பாலும் மறைந்து, பெட்ரோலை மின்கருவி பீச்சும் முறை வந்துவிட்டது. எனவே ஜெட்டின் எண் அறிந்த மெக்கானிக்குகள் வரவரக் குறைகின்றனர். வயலில் உழைக்கும் சிறு எஞ்சின்கள் பலவோ இன்னும் கார்புரேட்டரையே நம்பியிருக்கின்றன.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் இதில் வேலை உண்டு. பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய களைவெட்டி ஒரு ஜெட் இல்லாமையால் கிடங்கில் கிடந்து, பின்னர்க் கழிவுப் பட்டியலில் ஏறுவதை நாம் கண்டிருக்கிறோம். விலைப்புள்ளி கோரும்போதே மெயின் ஜெட், அதற்கு ஓர் எண் பெரியது ஒன்று, சவ்வு அல்லது மிதவை ஊசி, கேஸ்கட் ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்கலாம். இருப்புப் பதிவேட்டில் இயந்திரத்தின் பெயருக்கு எதிரே ஜெட்டின் எண்ணையும் எழுதிவைக்கலாம். அதற்குத் தனி உத்தரவு எதுவும் தேவையில்லை.

பருவம் முடிந்து எடுத்துவைக்கும்போது தொட்டியில் உள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் சில மாதங்களில் பிசினாகி, முதலில் அடைப்பது பைலட் ஜெட்டைத்தான்.

பாகூர் விவசாயி இப்போது தம் தெளிப்பானின் தொட்டிக்கு அடியில் ஜெட்டின் எண்ணை வண்ணத்தால் எழுதிவைத்திருக்கிறார். கம்பி குத்திய பழைய ஜெட்டை எமது அலுவலகத்திலேயே விட்டுச் சென்றார். பயிற்சிக்கு வருவோரிடம் அதையும் புதியது ஒன்றையும் கொடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொல்கிறோம்.