கரும்புக்கு ஒரு பிரிக்ஸ் மீட்டர்

திருவிடைமருதூரிலிருந்து வடக்கே திருப்பனந்தாள், அணைக்கரை என்று கொள்ளிடத்தை நெருங்கினால் நெல்லுக்கிடையே கரும்புக் கொல்லைகளும் வரும். கரும்பு முற்றியதா என்று பார்க்க நம்மிடம் பழைய வழிகள் உண்டு. சோகை மஞ்சளாகும், தட்டினால் கணீரென்று ஒலிக்கும், வளைத்தால் கணுவில் சட்டென ஒடியும். இவை பொய்யல்ல. ஆனால் இரண்டு கொல்லைகளில் எதை முதலில் வெட்டுவது என்ற கேள்விக்கு இவற்றால் பதில் சொல்ல முடியாது. அதற்குத்தான் பிரிக்ஸ் மீட்டர் என்று எல்லோரும் அழைக்கும் கை ரிஃப்ராக்டோமீட்டர்.

தண்ணீரில் சர்க்கரை கரையக் கரைய, அதில் புகும் ஒளி கூடுதலாக வளைகிறது. கருவி அளப்பது அந்த வளைவைத்தான். முனையிலுள்ள கண்ணாடிப் பட்டகத்தில் இரண்டு மூன்று சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், உள்ளே மேலே நீலமும் கீழே வெள்ளையும் தெரியும். இரண்டும் சேரும் கோடு அளவுகோலில் எங்கே விழுகிறதோ அதுதான் பிரிக்ஸ். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியரான அடால்ஃப் பிரிக்ஸின் பெயர் இது. 20 பிரிக்ஸ் என்றால் 100 கிலோ சாற்றில் ஏறக்குறைய 20 கிலோ கரைந்த பொருள் இருக்கிறது.

வாங்கும்போது 0 முதல் 32 வரை அளவுள்ளதைக் கேளுங்கள். கரும்புச் சாறு அதற்குள் அடங்கிவிடும். 58இல் தொடங்கும் கருவி தேனுக்கானது. இணையக் கடைகளில் இரட்டை அளவுகோல் பதித்தவை நிறைய வருகின்றன. வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களுக்காக வந்தவை அவை. பிரிக்ஸுக்குப் பக்கத்தில் திரவத்தின் அடர்த்தியும் இருக்கும். 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் நடப்பிலுள்ள ஊரில் அந்த இரண்டாவது அளவுகோலால் நமக்கு வேலையில்லை. மலிவான கருவிகளில் அது பிரிக்ஸோடு ஒழுங்காகப் பொருந்துவதும் இல்லை.

ஏ.டி.சி. என்று போட்டிருந்தால் வெப்பத்துக்கேற்பத் தானே திருத்திக்கொள்ளும். ஆனால் பெரும்பாலான கருவிகளில் அந்தத் திருத்தம் 10 முதல் 30 டிகிரி வரைதான். நம் ஊர் மாசி கடைசி வெயில் அதற்குக் கட்டுப்படாது. திருத்தமில்லாத கருவி 30 டிகிரியில், 20 பிரிக்ஸ் சாற்றை ஏறக்குறைய முக்கால் பிரிக்ஸ் குறைத்துக் காட்டும். காலையில் பாருங்கள், கருவியை வெயிலில் போட்டு வைக்காதீர்கள்.

தொடங்குமுன் வாலை வடிநீரை விட்டுப் பூஜ்யத்துக்குத் திருகுங்கள். பேட்டரிக்கு ஊற்றக் கடையில் விற்கும் தண்ணீரே போதும்; உப்பேறிய போர்த் தண்ணீர் வேண்டாம். மூடியை அழுத்தும்போது காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. அரை நிமிடம் பொறுத்துப் படியுங்கள். பிறகு ஈரத் துணியால் மெல்லத் துடைத்தால் போதும். பட்டகத்தில் கீறல் விழுந்தால் கருவி போச்சு.

எந்தக் கரும்பில், எந்த இடத்தில் சாறு எடுக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வரப்போரக் கரும்பு வெயில் தின்று வளர்ந்தது. அது கொல்லையைப் பற்றிச் சொல்லாது. உள்ளே நடந்து நாலைந்து இடங்களில் எடுங்கள். ஒவ்வொரு கரும்பிலும் அடிப்பகுதி, நுனிப்பகுதி இரண்டையும் பாருங்கள். இளங்கரும்பில் அடியில் 19 இருக்கும்போது நுனியில் 13தான் இருக்கும். முற்ற முற்ற இந்த இடைவெளி சுருங்கும். இரண்டும் ஏறக்குறைய சமமானால் வெட்டலாம். நுனி அடியை மிஞ்சிவிட்டால் காலம் கடந்துவிட்டது, அடியில் சர்க்கரை குறையத் தொடங்கிவிட்டது. ஒற்றை எண்ணைவிட இந்த ஒப்பீட்டை நான் அதிகம் நம்புவேன். கருவி சிறிது பிசகியிருந்தாலும் இரண்டு அளவிலும் அதே பிசகுதானே இருக்கும். தண்ணீர் பாய்ச்சிய மறுநாளும் மழை விட்ட மறுநாளும் அளக்காதீர்கள். எண் தாழ்ந்தே வரும்.

ஆலைக்குக் கரும்பு அனுப்புகிறவருக்கு இதனால் நேரடியாகப் பணம் கூடிவிடாது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குவிண்டாலுக்கு 355 ரூபாய் என்பது 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானத்துக்கு. அந்தக் கட்டுமானம் ஆலை முழுவதற்கும் கணக்கிடப்படுவது, தனியொருவர் கொல்லைக்கல்ல. வெல்லம் காய்ச்சுகிறவர் கதை வேறு. வீரமாங்குடிப் பக்கத்து அச்சுவெல்லக் கொட்டகைகளில் சாறு வற்ற வற்ற விறகும் சக்கையும் எரிகின்றன. 20 பிரிக்ஸ் சாற்றில் ஒரு கிலோ வெல்லம் எடுக்க மூன்றே முக்கால் கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். 16 பிரிக்ஸானால் கிட்டத்தட்ட ஐந்து கிலோ. வெல்லமும் குறைவு, எரிபொருளும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பாகு பதத்துக்கு மட்டும் இந்தக் கருவி உதவாது. அங்கே பாகு 32ஐ எப்போதோ தாண்டியிருக்கும். தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கும் விரல்தான் அளவை.

இன்னொன்று. கரைந்த எல்லாமே ஒளியை வளைக்கும். உப்பு, உடைந்துபோன சர்க்கரை எல்லாம் பிரிக்ஸில் சேர்ந்தே வரும். புளித்த சாற்றில் சர்க்கரை சாராயமாக மாறியிருந்தாலும், சாராயம் தண்ணீரைவிட ஒளியை அதிகம் வளைப்பதால் எண் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்காது. வெட்டி இரண்டு மூன்று நாள் கட்டிக் கிடந்த கரும்பும் இப்படித்தான் ஏமாற்றும். ஈரம் உலர்ந்து பிரிக்ஸ் ஏறும், உள்ளே நல்ல சர்க்கரை குறைந்துகொண்டிருக்கும். அளப்பதானால் நிற்கும் கரும்பில் அளந்துவிட்டு, வெட்டிய அன்றே அரைக்க அனுப்புங்கள்.